பாமிர் நெடுஞ்சாலைப் பயணம்: அனுமதிச் சீட்டிலிருந்து தொடங்கும் திட்டமிடல்

தஜிகிஸ்தானின் தலைநகரான துஷான்பேயிலிருந்து கோரோக், முர்காப் ஆகிய ஊர்கள் வழியாகக் கிர்கிஸ்தானின் ஓஷ் நகரத்தை எட்டும் எம்41 சாலையைப் பாமிர் நெடுஞ்சாலை என்று அழைக்கிறார்கள். ஓஷுக்கும் கோரோக்குக்கும் இடைப்பட்ட பகுதியை 1930-களில் சோவியத் அரசு அமைத்தது. பஞ்ச் ஆற்றின் இக்கரையில் சாலை, அக்கரையில் ஆப்கானிஸ்தான் என்று நெடுந்தூரம் போய், பிறகு மரமே இல்லாத உயர்ந்த பீடபூமியில் ஏறி, அக்-பைதால் கணவாயில் 4,655 மீட்டர் உயரத்தைத் தொடுகிறது இந்தச் சாலை. துணிவும் பொறுமையும் உள்ள எவரும் போய்வரக்கூடிய பயணம்தான். ஆனால் அதைத் திட்டமிடும் முறை நாம் பழகிய சிங்கப்பூர், தாய்லாந்துச் சுற்றுலாக்களின் முறைக்கு நேர் எதிரானது.

வழக்கமான சுற்றுலாவில் மலிவான விமானச் சீட்டைப் பிடித்து, விடுதியைப் பதிவு செய்து, விசாவைக் கடைசியில் வாங்குவோம். அதிகம் பேர் போகாத நாடுகளுக்கு இந்த வரிசை பொருந்தாது. அங்கே பெற மிகக் கடினமான காகிதம் எதுவோ அதை முதலில் கண்டுபிடித்து, அது கிடைக்குமா, எத்தனை நாள் செல்லும், எந்த எல்லையில் செல்லும் என்பதைத் தெரிந்துகொண்டு, அதிலிருந்து பின்னோக்கி மற்ற எல்லாவற்றையும் அமைக்க வேண்டும். விமானச் சீட்டு கடைசியாக வரட்டும்.

பாமிரைப் பொறுத்தவரை அந்தக் காகிதம் விசா அல்ல, கோர்னோ-பதக்‌ஷான் தன்னாட்சிப் பகுதிக்கான தனி அனுமதி. தஜிகிஸ்தானின் நிலப்பரப்பில் ஏறத்தாழப் பாதியை அடைத்திருக்கும் இந்த மலைப்பகுதிக்குள் வெளிநாட்டவர் நுழைய இது கட்டாயம். விசாவே தேவைப்படாத கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களும் இதைப் பெற்றாக வேண்டும் என்பதால், சிங்கப்பூர்க் கடவுச்சீட்டு வைத்திருக்கும் தமிழர்களும் இதைக் கவனிக்கவும். இ-விசா விண்ணப்பத்திலேயே இதற்கென்று ஒரு கட்டம் இருக்கிறது. அதைத் தேர்வு செய்தால் விசாக் கட்டணத்தோடு 20 டாலர் அளவில் கூடுதலாக வசூலித்து, விசாவிலேயே அனுமதியையும் குறித்துத் தருகிறார்கள். அந்த ஒரு கட்டத்தை விட்டுவிட்டு விண்ணப்பித்தவர்கள் துஷான்பேயில் இறங்கியபின் அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டியிருக்கும். சரேஸ் ஏரிக்குப் போக விரும்பினால் இது போதாது. அதற்குத் தனியான அனுமதி தேவை.

இந்த அனுமதி எப்போதும் கிடைக்கும் என்றும் எண்ண வேண்டாம். 2012-இல் கோரோக்கில் ஆயுத மோதல் நடந்தபோதும், 2022-இல் அப்பகுதியில் மீண்டும் கலவரம் வெடித்தபோதும், வெளிநாட்டவருக்கான அனுமதி நிறுத்தி வைக்கப்பட்டது. ஆகவே கிளம்புவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பிருந்தே நிலவரத்தைக் கவனித்து வாருங்கள். கோரோக்கில் இயங்கும் பாமிர் சூழல்-பண்பாட்டுச் சுற்றுலாச் சங்கம் போன்ற உள்ளூர் அமைப்புகளும், அங்கு வீட்டில் தங்க இடம் தருபவர்களும் சாலை நிலையையும் அனுமதி நிலையையும் நேரடியாக அறிந்தவர்கள். பழைய பயணக் குறிப்புகளைப் படிப்பதைவிட அவர்களுக்கு ஒரு செய்தி அனுப்பிக் கேட்பது நம்பகமானது.

விண்ணப்பத்தில் பெயர்

தமிழர்களுக்கு விசா விண்ணப்பத்தில் வரும் முதல் தடை பெயர். நம்மிடம் குடும்பப் பெயர் கிடையாது. தந்தையின் பெயரோ ஊரின் பெயரோ முதலெழுத்தாக நிற்கிறது. கடவுச்சீட்டு எடுக்கும்போது சிலர் முதலெழுத்தை விரித்துத் தந்தை பெயரைக் குடும்பப் பெயருக்கான இடத்தில் இட்டிருப்பார்கள். சிலர் அந்த இடத்தைக் காலியாக விட்டு, முழுப்பெயரையும் இயற்பெயருக்கான இடத்தில் எழுதியிருப்பார்கள். இணைய விண்ணப்பங்களோ குடும்பப் பெயர் இல்லாமல் அடுத்த பக்கத்துக்கு நகராது. அப்போது மனம்போனபடி பெயரைப் பிரித்து எழுதினால், விமான நிறுவனத்தின் முகப்பில் விசாவில் ஒரு பெயரும் கடவுச்சீட்டில் வேறொரு பெயருமாக நிற்க வேண்டி வரும்.

கடவுச்சீட்டின் புகைப்படப் பக்கத்தின் அடியில், இயந்திரம் படிப்பதற்கென்று அச்சிடப்பட்ட இரண்டு வரிகளைப் பாருங்கள். கோண அடையாளங்கள் நிறைந்த அந்த வரிகளில் முதலாவதில், நாட்டின் குறியீட்டை அடுத்து உங்கள் பெயர் எந்த வரிசையில் வருகிறது என்பது தெரியும். எல்லைச் சாவடியில் கணினி படிப்பது அதைத்தான். விசா விண்ணப்பம், விமானச் சீட்டு, காப்பீடு ஆகிய மூன்றிலும் பெயர் அதே வரிசையில் இருக்கட்டும். குடும்பப் பெயர் காலியாக இருந்தால், விண்ணப்பத்தை அனுப்புவதற்கு முன்பே அந்நாட்டு விசா அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதி, என்ன எழுத வேண்டும் என்று கேட்டு, வரும் பதிலை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். துபாய் வழியாகப் போய் அங்கே ஓரிரு நாள் தங்க நினைப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது; தந்தை பெயரோ குடும்பப் பெயரோ கடவுச்சீட்டின் இரண்டாம் பக்கத்தில் இருந்தால் ஏற்கப்படும் என்ற விளக்கம் பின்னர் வந்தது. அடிக்கடி இத்தகைய நாடுகளுக்குப் போகும் எண்ணம் உள்ளவர்கள், ஒருமுறை சிரமம் பார்க்காமல் கடவுச்சீட்டிலேயே பெயரைப் பிரித்துத் திருத்திக்கொள்வது நல்லது என்பது என் உறுதியான கருத்து. ஆனால் விசா வாங்கியபின் அதைச் செய்யாதீர்கள். புதிய கடவுச்சீட்டுக்குப் புதிய எண் வந்துவிடும், பழைய எண்ணுக்குக் கொடுத்த இ-விசா பயனற்றுப் போகும்.

எண்ணையும் எழுத்தெழுத்தாகச் சரிபார்க்க வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டு எண்ணில் முதலில் ஓர் எழுத்து, பிறகு ஏழு இலக்கங்கள். சுழியத்தை ஆங்கில ‘ஓ’ என்று தட்டிவிட்டால் அந்த விசா வேறொருவருடையது ஆகிவிடும். பயணம் முடியும் நாளிலிருந்து ஆறு மாதமாவது கடவுச்சீட்டு செல்லுபடியாக வேண்டும். முத்திரையிட வெற்றுப் பக்கங்களும் வேண்டும். அரசுத் தளத்தைப் போலவே தோற்றமளித்து இரண்டு மூன்று மடங்கு கட்டணம் பிடுங்கும் இடைத்தரகர் தளங்கள் தேடுபொறியில் முதலில் வந்து நிற்பதால், அந்நாட்டின் வெளியுறவு அமைச்சகத் தளத்திலிருந்தே விசாத் தளத்துக்குப் போவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

எத்தனை முறை நுழைகிறோம்?

சென்னையிலிருந்து பாமிருக்குப் போக இரண்டு வழிகள் வசதியானவை. ஒன்று, துபாய் வழியாகத் துஷான்பேக்கே பறப்பது. மற்றொன்று, டெல்லியிலிருந்து உஸ்பெகிஸ்தானின் தாஷ்கண்டுக்குப் பறந்து, சமர்கண்டைப் பார்த்துவிட்டு, 2018-இல் மீண்டும் திறக்கப்பட்ட எல்லை வழியாகத் தஜிகிஸ்தானின் பஞ்சகெண்டுக்குத் தரைவழியே நுழைவது. இரண்டாவது வழி அழகானது, செலவும் பெரும்பாலும் குறைவு. ஆனால் இங்கேதான் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். ஒருமுறை நுழைவதற்கான உஸ்பெக் விசாவோடு தாஷ்கண்டில் இறங்கித் தஜிகிஸ்தானுக்குப் போய்விட்டால், ஊர் திரும்பும் விமானத்தைப் பிடிக்கத் தாஷ்கண்டுக்குள் மறுபடி கால்வைக்க முடியாது. உஸ்பெகிஸ்தான் இ-விசாவில் இருமுறை, பலமுறை நுழையும் வகைகளும் உண்டு. கட்டணம் மட்டும் சற்றுக் கூடும்.

எனவே ஒரு தாளை எடுத்து, எந்த நாளில் எந்த எல்லையை எந்தத் திசையில் கடக்கிறீர்கள் என்று வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொரு வரிக்கும் நேராக அந்நாட்டு விசாவின் வகை, நுழைவு எண்ணிக்கை, முதல் நாள், கடைசி நாள் ஆகியவற்றைக் குறியுங்கள். விசாவின் செல்லுபடிக் காலமும் தங்கக்கூடிய நாட்களும் வெவ்வேறு கணக்குகள் என்பதை நினைவில் வையுங்கள். இ-விசாவை எந்தச் சாவடிகள் ஏற்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும். சில நாடுகள் விமான நிலையத்தில் ஏற்கும் இ-விசாவை மலைக்கணவாயில் உள்ள சாவடியில் ஏற்பதில்லை.

பாமிரில் இந்தத் தாளின் மிகப் பலவீனமான வரி, தஜிகிஸ்தானிலிருந்து கிர்கிஸ்தானுக்குள் போகும் கிஸில்-ஆர்ட் கணவாய். இரு நாட்டுப் படைகளும் மோதியதை அடுத்து 2021-இல் எல்லை மூடப்பட்டது. பின்னர் சில காலம், முன்கூட்டியே சிறப்பு அனுமதி வாங்கிய வெளிநாட்டவர் மட்டும் கடக்க முடிந்தது. 2025 மார்ச்சில் இரு நாடுகளும் எல்லை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகு நிலைமை தளர்ந்து வருகிறது. கிளம்பும் வாரத்தில் அங்கே என்ன விதி என்பதை உறுதிசெய்யாமல் ஓஷிலிருந்து திரும்பும் விமானச் சீட்டை வாங்காதீர்கள். இரு நாட்டுச் சாவடிகளுக்கும் நடுவே ஏறத்தாழ 20 கிலோமீட்டர், ஆளில்லா மலைப்பாதை. தஜிக் வண்டி மறுபக்கம் போக அனுமதி இல்லாவிட்டால், கிர்கிஸ் வண்டி ஒன்று எதிர்கொண்டு வந்து உங்களை ஏற்றிக்கொள்ள ஏற்பாடு செய்திருக்க வேண்டும். சுமையோடு நடந்து கடக்கும் இடமல்ல அது. எல்லை மூடியிருந்தால் முர்காப்பிலிருந்து வந்த வழியே துஷான்பே திரும்ப எத்தனை நாள் ஆகும் என்று கணக்கிட்டு, அந்த நாட்களை விசாவிலும் விடுப்பிலும் ஒதுக்கி வையுங்கள்.

அழைப்புக் கடிதம் கேட்கும் நாடுகள்

உஸ்பெகிஸ்தானின் பக்கத்து நாடான துர்க்மெனிஸ்தான் வேறு ரகம். காராகும் பாலைவனத்தில் பல பத்தாண்டுகளாக எரியும் தர்வாசா எரிவாயுப் பள்ளத்தைப் பார்க்க விரும்புகிறவர்கள், உரிமம் பெற்ற உள்ளூர்ப் பயண நிறுவனம் வழியாகவே விண்ணப்பிக்க வேண்டியிருக்கிறது. நிறுவனம் உங்கள் ஆவணங்களைக் குடிவரவுத் துறைக்கு அனுப்பி அழைப்புக் கடிதம் பெறும். அதைக் காட்டினால் விமான நிலையத்திலோ எல்லையிலோ விசா ஒட்டுவார்கள். இதற்கு வாரக்கணக்கில் ஆகும். மறுத்தால் காரணம் சொல்லமாட்டார்கள். சுற்றுலா விசாவில் வழிகாட்டி இல்லாமல் சுற்ற முடியாது. ஆகையால் அழைப்புக் கடிதம் மறுக்கப்பட்டால் முன்பணத்தில் எவ்வளவு திரும்பும் என்பதை எழுத்தில் வாங்கிய பிறகே பணம் அனுப்புங்கள்.

உலகின் மற்ற மூலைகளிலும் இதே வகைகள்தான் மாறி மாறி வருகின்றன. எரித்ரியாவில் விசா இருந்தாலும் தலைநகர் அஸ்மாராவைத் தாண்டத் தனி அனுமதி வேண்டும். அல்ஜீரியா தன் தெற்குச் சகாராப் பகுதிக்கு, அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்தின் மூலம் வருவோருக்கு வந்திறங்கியபின் விசா தரும் முறையை 2023-இல் கொண்டுவந்தது. பசிபிக்கின் துவாலுவில் விசாவே சிக்கலில்லை. பிஜியிலிருந்து வாரத்தில் சில நாள் மட்டும் போகும் விமானம்தான் அங்கே உங்கள் நாட்களைத் தீர்மானிக்கும். துவாலுவில் இந்தியத் தூதரகமும் கிடையாது. பிஜியின் சுவாவில் உள்ள இந்தியத் தூதரகமே அந்நாட்டையும் கவனிக்கிறது. தஜிகிஸ்தானில் துஷான்பேயிலேயே இந்தியத் தூதரகம் இருப்பது ஒரு நிம்மதி. மலைக்குக் கிளம்பும் முன் உங்கள் பயணப் பாதையை அவர்களுக்கு மின்னஞ்சலில் தெரிவித்துவிடுங்கள்.

ஆப்பிரிக்காவிலோ தென் அமெரிக்காவிலோ மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளுக்குப் போகிறவர்கள் தடுப்பூசிச் சான்றிதழையும் விசாவுக்கு இணையாகக் கருத வேண்டும். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்தே அது செல்லுபடியாகிறது. அதன்பின் ஆயுள் முழுவதும் செல்லும். அது இல்லாமல் அந்நாடுகளிலிருந்து இந்தியா திரும்பினால் தனிமைப்படுத்தி வைப்பார்கள். சென்னையில் கிண்டி கிங் நோய்த்தடுப்பு நிலையத்திலும் துறைமுகச் சுகாதார அலுவலகத்திலும் போட்டுக்கொள்ளலாம், முன்பதிவு தேவை.

பெட்டியில் வைக்கக் கூடாதவை

செல்பேசிக் கோபுரம் இல்லாத இடங்களுக்குப் போவதால் செயற்கைக்கோள் தொலைபேசியோ, செயற்கைக்கோள் வழியாகக் குறுஞ்செய்தி அனுப்பும் சிறு கருவியோ வாங்கிக்கொள்ளத் தோன்றும். வெளிநாட்டு மலையேறிகள் எல்லோரும் அதைப் பரிந்துரைப்பார்கள். இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் அவற்றை வைத்திருப்பது குற்றம். விமான நிலையச் சோதனையில் இக்கருவியோடு பிடிபட்ட பயணிகள் மீது வழக்குகள் பதிவாகியுள்ளன. சென்னையிலோ டெல்லியிலோ ஏறும் பயணி இதைக் கைப்பையிலும் பெட்டியிலும் வைக்கவே கூடாது. ஓட்டுநரிடமோ பயண ஏற்பாட்டாளரிடமோ அங்கேயே அத்தகைய கருவி உள்ளதா என்று கேட்டுத் தேர்வு செய்வதே சரியான வழி.

ட்ரோனையும் வீட்டில் விட்டுவிடுங்கள். உஸ்பெகிஸ்தான் அதை நாட்டுக்குள் கொண்டுவரவே அனுமதிப்பதில்லை. பாமிரிலோ பயணத்தின் பெரும்பகுதி ஆப்கானிஸ்தான் எல்லையை ஒட்டியே போகிறது. அங்கே காவல் நிற்கும் சிப்பாய்களையும் சாவடிகளையும் பாலங்களையும் படமெடுக்க வேண்டாம். மருந்துகளில் கோடைன், டிரமடால் சேர்ந்தவை மத்திய ஆசிய நாடுகளில் கடுமையான கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. இருமல் மருந்து, வலி மாத்திரை ஆகியவற்றின் அட்டையில் உள்ள மூலப்பொருளைப் படித்துப் பார்த்து, மருத்துவர் சீட்டோடு மட்டும் எடுத்துச் செல்லுங்கள்.

கடவுச்சீட்டின் புகைப்படப் பக்கத்தையும் விசா-அனுமதித் தாளையும் ஒரே தாளில் வருமாறு பத்துப் பதினைந்து நகல்கள் எடுத்து வையுங்கள். பதக்‌ஷானுக்குள் பல சாவடிகளில் காவலர்கள் விவரங்களைப் பேரேட்டில் கையால் எழுதிக்கொள்கிறார்கள். நகல் கொடுத்தால் வண்டி உடனே நகரும்.

உயரமும் திசையும்

எந்தப் பக்கமிருந்து தொடங்குவது என்பதை விசா வசதியை வைத்து மட்டும் முடிவு செய்யக் கூடாது. உடல் நலம் அதைவிட முக்கியம். ஓஷ் நகரம் ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கிளம்பினால் முதல் இரவு சாரி-தாஷில் 3,100 மீட்டருக்கு மேல், அடுத்த இரவு காராகுல் ஏரிக்கரையில் 3,900 மீட்டரில். கடற்கரை நகரத்தில் வாழ்ந்து பழகிய உடலுக்கு இது ஆபத்தான ஏற்றம். துஷான்பேயிலிருந்து வந்தால் கலைகும், கோரோக், வாகான் பள்ளத்தாக்கின் இஷ்காஷிம், லங்கர் என்று உயரம் படிப்படியாகக் கூடுகிறது. கோரோக்கில் 2,100 மீட்டர், லங்கரில் 3,000-ஐ நெருங்குகிறது. முதன்முறை போகிறவர்கள் துஷான்பேயிலிருந்தே தொடங்க வேண்டும் என்று அழுத்தமாகச் சொல்வேன்.

மூவாயிரம் மீட்டரைத் தாண்டியபின், இரவு தூங்கும் உயரம் நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடாமல் இருக்க வேண்டும், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் ஓய்வு எடுக்க வேண்டும் என்பது மலை மருத்துவத்தின் பொது விதி. பாமிரில் லங்கரிலிருந்து பீடபூமியில் உள்ள அலிச்சூருக்கு ஒரே நாளில் ஏறத்தாழ 1,000 மீட்டர் ஏற வேண்டியிருப்பதால், லங்கரில் கூடுதலாக ஓர் இரவு தங்கி, பகலில் மேலே நடந்து ஏறி, இரவுக்குக் கீழே வந்து தூங்குங்கள். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வந்தால் அதற்குமேல் ஏறக் கூடாது. நடை தள்ளாடினாலோ, படுத்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நள்ளிரவானாலும் வண்டியை எடுத்துக் கீழே இறங்க வேண்டும். உயரத்தால் வரும் நோயைத் தடுக்க அசெட்டாசோலமைடு மாத்திரை உதவும். சல்ஃபா வகை மருந்துகள் ஒவ்வாதவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

பயணக் காப்பீடு வாங்கும்போது எத்தனை மீட்டர் உயரம் வரை அது செல்லும் என்ற வரியைத் தேடிப் படியுங்கள். பல திட்டங்கள் ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் நடப்பதை ஏற்பதில்லை. அப்பகுதியில் அழைத்தவுடன் வரும் மீட்பு ஹெலிகாப்டர் சேவையை நம்பியிருக்க முடியாது என்பதால், அவசரத்தில் உங்களைக் காப்பாற்றப்போவது உங்கள் வண்டியும் அதன் ஓட்டுநரும்தான்.

வண்டி, பணம், உணவு

ஜூலை முதல் செப்டம்பர் வரை பயணத்துக்கு ஏற்ற காலம். ஆனால் பனி உருகும் கோடையில் பர்தாங் போன்ற பக்கப் பள்ளத்தாக்குகளில் வெள்ளம் சாலையை அறுத்துவிடும். எனவே அட்டவணையில் இரண்டு மூன்று நாட்களைச் சும்மா விட்டு வைக்க வேண்டும். துஷான்பேயிலிருந்து கோரோக்குக்கு 600 கிலோமீட்டர் அளவில் தூரம். பலர் கட்டணத்தைப் பகிர்ந்து போகும் வண்டியில் ஒரே மூச்சில் போகிறவர்கள் ஒரு முழுநாளையும் வண்டியிலேயே கழிக்கிறார்கள். கலைகுமில் ஓர் இரவு தங்கிப் போவது உடம்புக்கு நல்லது.

நான்கு பேர் சேர்ந்து ஓட்டுநரோடு ஒரு ஜீப்பை அமர்த்துவது சிறந்தது. பேசும்போது எரிபொருள், ஓட்டுநரின் சாப்பாடு, தங்குமிடம், அவர் காலி வண்டியோடு திரும்பும் செலவு, வெள்ளத்தால் கூடும் நாட்களுக்கான வாடகை ஆகிய எல்லாம் தொகையில் அடங்குமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். கோரோக்கைத் தாண்டினால் பண இயந்திரத்தை நம்ப வேண்டாம். கசங்காத, கிழியாத டாலர் நோட்டுகளைக் கொண்டுபோய், தேவையான அளவு தஜிக் நாணயமான சோமோனியாகக் கோரோக்கிலேயே மாற்றிக்கொள்ளுங்கள்.

வீடுகளில் தங்கும்போது ரொட்டி, உருளைக்கிழங்கு, தயிர், உப்பும் வெண்ணெயும் சேர்த்த பால் தேநீர் ஆகியவை கிடைக்கும். சைவ உணவுக்காரர்களுக்கு முர்காப் பக்கம் கடினம். பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், உலர்பழம் எடுத்துச் செல்வது உதவும். அரிசியும் பருப்பும் கொண்டுபோய்ச் சமைக்கலாம் என்று நினைத்தால், 3,600 மீட்டரில் தண்ணீர் 88 டிகிரி செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும், குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது. வாங்கியபடியே சாப்பிடக்கூடியவற்றை மட்டும் துஷான்பே சந்தையிலோ கோரோக்கிலோ வாங்கி வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள். அலிச்சூரிலும் காராகுலிலும் கடை என்று சொல்லத்தக்கது அதிகமில்லை.